சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம்: திட்டக்குடி மொட்டை மாடியில் யாருக்கு லாபம், யாருக்கு இல்லை?

லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் இப்போது அடிக்கடி அடிபடும் வார்த்தை 'ஹீட் பம்ப்'. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு, கரியமிலவாயுவைக் குறைவாக வெளியிடும் ஹீட் பம்ப் மாட்டினால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்ட் மானியம் தருகிறது. 2022-ல் 5,000 பவுண்டாகத் தொடங்கி, வாங்க ஆள் வராததால் 2023 அக்டோபரில் உயர்த்தப்பட்ட தொகை இது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதுதான் குடும்பச் செலவின் பெரிய தலைவலி.

கடலூர் மாவட்டம் திட்டக்குடியில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. வெயில் அதை ஓசியிலேயே செய்துவிடுகிறது. மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இங்கே காசு போகிற இடங்கள் வேறு: பாத்ரூமில் கீசர், சமையலறையில் சிலிண்டர், படுக்கையறையில் ஏ.சி. 'கார்பனைக் குறைத்தால் காசு தருகிறோம்' என்று அங்கே பாய்லருக்குக் கிடைக்கிற சலுகைக்கு, இங்கே உள்ள நேர் சமம் மொட்டை மாடி சோலார் மானியம்தான். அதிகபட்சம் 78,000 ரூபாய்.

'சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே?' என்ற கேள்வி விருத்தாசலம் முதல் திட்டக்குடி வரை எல்லா டீக்கடையிலும் கேட்கக்கூடியதுதான். பதில் 'ஆமாம்' என்றும் சொல்லலாம், 'உங்களுக்கு வேண்டாம்' என்றும் சொல்லலாம். எது என்பதைத் தீர்மானிப்பது சூரியன் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த பில்லின் யூனிட் எண்ணிக்கை.

திட்டம் என்ன தருகிறது?

'பி.எம். சூர்ய கர்' என்று பரவலாகச் சொல்லப்படும் திட்டத்தைப் பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். அந்த மாதம் 29-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டு முடிவதற்குள் ஒரு கோடி வீடுகள் என்பது இலக்கு.

மானியக் கணக்கு எளிது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டும். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் கூடுதலாக ஒரு பைசா கிடையாது. ஆக, 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத மாடியில் சுமார் 100 சதுர அடி வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மழை, மேகம், தூசி எல்லாம் சேர்ந்த சராசரி இது. சித்திரையில் கூடும், கார்த்திகையில் குறையும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

பகலில் வீட்டில் ஆள் இல்லாதபோது உற்பத்தியாகும் மின்சாரம் வீணாவதில்லை. அது மின்வாரியக் கம்பிக்குப் போகும். ராத்திரி அங்கிருந்து திரும்ப வரும். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டையும் ஒரே மீட்டர் கணக்கு வைத்து, வித்தியாசத்துக்கு மட்டும் பில் போடும். இதுதான் 'நெட் மீட்டரிங்'. காலை 5 மணிக்கு, சூரியன் வருவதற்கு முன்னால் ஓடும் கீசருக்கும் முந்தின நாள் வெயில் கைகொடுப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

501-வது யூனிட்டின் விலை

இப்போது பில்லை எடுத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மேல் கட்டணம் படிப்படியாக ஏறும். 2024 ஜூலை கட்டணப்படி, அரசு மானியம் போக வீட்டுக்காரர் கட்டுவது: 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய். 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30.

500-ஐத் தாண்டினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, மேலே உள்ள யூனிட்டுகளின் விலை ஏறும்: 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50, அதற்கு மேல் 11.55. இரண்டு, கீழே கிடைத்துக்கொண்டிருந்த 2.35 ரூபாய் சலுகை காணாமல் போகும், 101-லிருந்தே 4.70.

அதனால் சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தள்ளி வந்தால் மனம் பதறுவது இதனால்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திட்டக்குடியில் சொந்த மாடி வீடு, ஒரு ஏ.சி., ஒரு கீசர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் 3,825 ரூபாய். வருடத்துக்கு ஆறு பில், 22,950 ரூபாய்.

சந்தையில் சோலார் விலை கிலோவாட்டுக்குச் சுமார் 60,000 முதல் 75,000 ரூபாய் வரை. சிறிய அமைப்புக்குக் கிலோவாட் விலை கூடும், பெரியதற்குக் குறையும். 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1,40,000, 3 கிலோவாட் 1,95,000 என்று எடுத்துக்கொண்டால், மானியம் போகக் கையிலிருந்து போவது முறையே 45,000, 80,000, 1,17,000.

ஏஜென்ட் போடும் கணக்கு இப்படி இருக்கும்: "3 கிலோவாட் போடுங்க சார், 720 யூனிட் வரும், பில் ஜீரோ. அஞ்சு வருஷத்துல காசு திரும்பிடும்." பொய் இல்லை. 1,17,000-ஐ 22,950-ஆல் வகுத்தால் ஐந்து வருடம்தான் வருகிறது. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு கிலோவாட்டையும் தனித்தனியாகப் பார்த்தால் தெரியும்.

முதல் கிலோவாட் 240 யூனிட்டைக் குறைத்து, 700-ஐ 460 ஆக்குகிறது. பில் 3,825-லிருந்து 1,553-க்கு இறங்குகிறது. ஏனென்றால் வெட்டப்படுவது 9.45-க்கும் 8.40-க்கும் வாங்கிய விலை உயர்ந்த யூனிட்டுகள்; கூடவே 500-க்குக் கீழே வந்துவிட்டதால் 2.35 சலுகையும் திரும்பக் கிடைக்கிறது. வருடத்துக்கு மிச்சம் சுமார் 13,600 ரூபாய். போட்ட 45,000 மூன்றே கால் வருடத்தில் திரும்பிவிடும்.

இரண்டாவது கிலோவாட் 460-ஐ 220 ஆக்குகிறது. பில் 1,553-லிருந்து 329 ரூபாய்க்கு வருகிறது. வருட மிச்சம் 7,300 ரூபாய் சொச்சம். இதற்காகக் கூடுதலாகப் போட்டது 35,000. ஐந்து வருடத்துக்குள் வசூல். இதுவும் நல்ல பேரம்தான்.

மூன்றாவது கிலோவாட்? மிச்சமிருக்கும் 329 ரூபாயைத்தான் அதனால் இல்லாமல் ஆக்க முடியும். வருடத்துக்கு 1,974 ரூபாய். அதற்குக் கொடுக்கும் விலை 37,000. திரும்ப வர 18 வருடத்துக்கு மேல் ஆகும். மானியமும் அந்த மூன்றாவதுக்குத்தான் குறைவு.

நிகர யூனிட்டுக்கும் இதே படிநிலைக் கட்டணம் என்ற அடிப்படையில் போட்ட கணக்கு இது. தமிழ்நாட்டில் சோலார் உற்பத்திக்கு 'நெட்வொர்க் கட்டணம்' என ஒன்றும் ஒழுங்குமுறை ஆணைய உத்தரவுகளில் இருக்கிறது. தங்கள் இணைப்புக்கு அது எவ்வளவு என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டு, அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஆனால் கணக்கின் போக்கு மாறாது: சோலார் முதலில் வெட்டுவது மேலே உள்ள விலை உயர்ந்த யூனிட்டுகளை, கடைசியில் வெட்டுவது அரசே பாதி விலைக்கும் இலவசமாகவும் தரும் யூனிட்டுகளை. 'பில் ஜீரோ' என்ற வார்த்தை கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கடைசி 329 ரூபாயை ஜீரோ ஆக்குவதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த வேலை.

அப்படியானால் 3 கிலோவாட் யாருக்கும் வேண்டாமா? அப்படி இல்லை. அடுத்த வருடம் இன்னொரு ஏ.சி. வருகிறது, மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறார்கள், சமையலை இன்டக்‌ஷனுக்கு மாற்றப்போகிறார்கள் என்றால் மூன்றாவது கிலோவாட்டுக்கு வேலை இருக்கும். பின்னாளில் ஒரு பேனலை மட்டும் கூட்டுவது அவ்வளவு சுலபமும் இல்லை. இன்வெர்ட்டரையும் தாங்கியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது நேற்றைய பில்லை மட்டும் இல்லை, நாளைய பில்லையும்.

சிலிண்டர் கணக்கும் இங்கே உதவும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இன்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 130 யூனிட் ஆகும். அந்த 130 யூனிட், 500-க்கு மேல் உள்ள படியில் விழுந்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும், சிலிண்டரே மலிவு. சோலாரிலிருந்து வந்தால் கதை தலைகீழ்.

பில் குறைவாக வரும் வீடுகள்

திட்டக்குடி, மங்களூர், நல்லூர், வேப்பூர் பக்கத்துக் கிராமங்களில் ஏ.சி. இல்லாத வீடுகள்தான் அதிகம். இரண்டு ஃபேன், நாலு லைட், டி.வி., ஒரு ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். பில் அதிகபட்சம் 235 ரூபாய். வருடத்துக்கு 1,410.

இந்த வீட்டில் 1 கிலோவாட் சோலார் போட்டால், மானியம் போக 45,000 ரூபாய். பில் முழுவதும் மிச்சமானாலும் காசு திரும்ப 32 வருடம் ஆகும். பேனலின் ஆயுளே 25 வருடம்தான். நடுவில் ஒருமுறையாவது இன்வெர்ட்டரை மாற்ற வேண்டும். 30,000 ரூபாய் மானியம் என்று பேப்பரில் இருக்கிறது. இந்த வீட்டுக்காரர் அதை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் அரசு கட்டிக்கொடுக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மூன்றரை லட்சம் ரூபாய் செலவு, 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. இடத்தைப் பார்த்தால் 2 கிலோவாட் பேனலைத் தாராளமாக வைக்கலாம். கூரை தயார், வெயில் தயார், மானியமும் தயார். பில்தான் தயாராக இல்லை.

அதாவது இந்த மானியம் யாருக்கு அதிகம் பயன்படுகிறது என்று பார்த்தால், சொந்த மாடியும் ஏ.சி.யும் உள்ளவருக்கு. ஏழை வீட்டுக்கு ஏற்கெனவே தமிழக அரசின் இலவச யூனிட் என்ற வேறொரு மானியம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மானியம் இன்னொரு மானியத்தைத் தேவையில்லாததாக்குகிறது. நாடு முழுவதும் 2025 மார்ச்சில் 10 லட்சம் வீடுகள் என்ற எண்ணிக்கையை இந்தத் திட்டம் தாண்டியபோது முதலிடத்தில் குஜராத் இருந்தது. இவ்வளவு வெயில் அடிக்கும் தமிழ்நாடு ஏன் முன்வரிசையில் இல்லை என்பதற்கு, ஆள்பற்றாக்குறை, விழிப்புணர்வு என்று பல காரணம் சொல்வார்கள். அந்த 235 ரூபாய் பில்லைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதற்கு முன்னால் தமிழ்நாடு வேறொரு வழியை முயன்றதும் உண்டு. 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடும், சோலாரில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்குகளும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. வீடு ஒன்றுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சோலார் விளக்குக்கு. பயனாளி கையிலிருந்து காசு போட வேண்டியதில்லை என்பது அதன் பலம். பேட்டரியை நம்பிய அமைப்பு என்பது பலவீனம். பேட்டரிக்குச் சில வருடம்தான் ஆயுள், மாற்றும் செலவு வீட்டுக்காரர் தலையில். 2013-ல் வீட்டு மாடி சோலாருக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநில ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. மத்திய மானியத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. இன்று மத்திய மானியத்துக்கு மேல் மாநிலப் பணம் கொடுக்கும் வேறு மாநிலங்களைப் பார்த்து ஏங்குபவர்களுக்கு, ஒருகாலத்தில் இங்கேயும் அது இருந்தது என்பது மறந்துபோயிருக்கும்.

வாடகை வீட்டில் இருக்கும் இளம் குடும்பங்களின் பாடு இன்னும் சிக்கல். மாடி ஓனருடையது, பில் இவர்களுடையது. ஓனர் காசு போட்டு இவர்கள் பில்லைக் குறைக்கப்போவதில்லை. ஓடு, சிமென்ட் ஷீட் வீடுகளில் தாங்கியைப் பொருத்துவதே கஷ்டம். முன்பணம் போட முடியாதவர்களுக்காக, மின்வாரியமோ நிறுவனமோ தன் செலவில் பேனலை மாட்டும் முறைகளுக்கும் திட்டத்தில் இடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு 'மாதிரி சோலார் கிராமம்' தேர்ந்தெடுத்து ஒரு கோடி ரூபாய் கொடுக்கும் பிரிவும் உண்டு. 235 ரூபாய் பில் வரும் வீடுகளுக்கு ஏதாவது நடக்க வேண்டுமென்றால் இந்த வழிகளில்தான் நடக்கும். தனித்தனி வீட்டு மானியத்தால் நடக்காது.

வெந்நீருக்கு என்ன சலுகை?

நேரடியாகச் சொன்னால், எதுவும் இல்லை.

சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மத்திய அரசு 30 சதவீதம் வரை மானியம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2014-ல் அது நிறுத்தப்பட்டது. இப்போது மிஞ்சியிருப்பது வரிக் குறைப்பு மட்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பழைய விலையில் இன்னும் கொட்டேஷன் வந்தால் கேள்வி கேட்கலாம்.

பெங்களூரு இதில் வேறு பாதையில் போனது. மானியத்தைவிடக் கட்டாயத்தை நம்பியது. 2007 முதல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு மின் இணைப்பு வேண்டுமென்றால் மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்க வேண்டும். வைத்திருப்பவர்களுக்கு பில்லில் யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் அதிகபட்சம் 50 ரூபாய் தள்ளுபடி. சின்னத் தொகைதான். ஆனால் வருடம் முழுக்க வெந்நீரில் குளிக்கும் ஊர் அது. காலை நேரத்தில் லட்சக்கணக்கான கீசர்கள் ஒரேயடியாக ஓடுவதைத் தடுப்பது மின் நிறுவனத்துக்கே லாபம்.

திட்டக்குடிக்கு அது பொருந்துமா? நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் கீசருக்கு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு 75 யூனிட் வரை. பங்குனி முதல் ஆவணி வரை மாடித் தொட்டித் தண்ணீரே சுடும்; மதியம் குழாயைத் திறந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆக, கீசர் உண்மையில் ஓடுவது வருடத்தில் ஐந்தாறு மாதம். 100 லிட்டர் சோலார் ஹீட்டருக்கு 20,000 ரூபாய் சுமாருக்குக் கொடுத்து, வருடத்துக்கு 200 யூனிட் சொச்சம் மிச்சப்படுத்துவது சின்னக் குடும்பத்துக்கு அவசரமான செலவு இல்லை. விடுதி, கல்யாண மண்டபம், பிரசவம் பார்க்கும் மருத்துவமனை, பத்து பேர் உள்ள கூட்டுக் குடும்பம் என்றால் யோசிக்கலாம். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் இடத்தில் செப்புக் குழாய் வகையில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகைதான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

முந்திரிக் கட்டையும் சீமைக்கருவேலும் எளிதாகக் கிடைக்கிற பகுதி இது. கொல்லைப்புறத்தில் அண்டா வைத்து வெந்நீர் போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் புகையை ஊதுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அதற்கு மாற்றாக ஒரு சலுகை வேண்டுமென்றால், இப்போதைய திட்டங்களில் எதுவும் அந்த அடுப்பைக் குறிவைக்கவில்லை.

கார்பன் கணக்கையும் பார்த்துவிடலாம். இந்திய மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. 3 கிலோவாட் சோலார் வருடத்துக்குச் சுமார் 4,300 யூனிட் தந்தால், மூன்று டன் தவிர்க்கப்படுகிறது. இதே மாவட்டத்தில்தான் நெய்வேலி இருக்கிறது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்த கிராமங்களும், கொடுக்க மறுத்துப் போராடிய கிராமங்களும் இங்கேதான் இருக்கின்றன. மாடியில் வரும் யூனிட்டுக்கு யாருடைய வயலும் போவதில்லை என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

பதிவு செய்வது பி.எம். சூர்ய கர் தேசிய இணையதளத்தில், கட்டணம் கிடையாது. மின் இணைப்பு எண், மொபைல் எண், சமீபத்திய பில், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் போதும். 2024-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான வீட்டு சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு என்று காக்க வைக்கக் கூடாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். பிறகு பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து வேலையை முடித்தால், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் நெட் மீட்டரை மாட்டி ஆய்வு செய்யும்.

பலர் சறுக்கும் இடம் பெயர். மின் இணைப்பு தாத்தா பெயரில், வீடு அப்பா பெயரில், விண்ணப்பிப்பது சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் பேரன். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். முதலில் இணைப்பைப் பெயர் மாற்றம் செய்துவிட்டு சோலார் பக்கம் வருவதுதான் சரி. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அதற்கே தனியாக நாள் பிடிக்கும்.

இரண்டாவது, மானியம் முன்கூட்டியே கழிக்கப்படுவதில்லை. முழுப் பணத்தையும் கொடுத்து, வேலை முடிந்து, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். 30 நாளுக்குள் என்பது விதி. கையில் பணம் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை பிணையில்லாக் கடனை வங்கிகள் குறைந்த வட்டியில் தருகின்றன. ரெப்போ வட்டியோடு அரை சதவீதம் சேர்த்து. தனிநபர் கடனில் சோலார் போடுவதாக இருந்தால், மேலே சொன்ன கணக்கு எல்லாம் தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, பேனல் 'டி.சி.ஆர்.' வகையா என்று கேட்க வேண்டும். செல்லும் இந்தியாவில் செய்யப்பட்டது, பேனலும் இந்தியாவில் செய்யப்பட்டது என்றால்தான் மானியம். இறக்குமதி செல் உள்ள பேனல் மலிவு. அதைக் காட்டி விலையைக் குறைத்துச் சொல்லும் கொட்டேஷனில் 78,000 வராது. ஐந்து வருடப் பராமரிப்பு விற்பவரின் பொறுப்பு. அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டிவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு வீட்டுச் சோலாரிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, மின்வாரிய இணைப்பு இல்லையென்றால் தானாக அணைந்துவிடும்படிதான் இந்த இன்வெர்ட்டர்கள் செய்யப்படுகின்றன. கரண்ட் கட்டுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் பேட்டரி உள்ள ஹைபிரிட் அமைப்பு வாங்க வேண்டும். விலை நன்றாகக் கூடும், பேட்டரிக்கு மானியம் கிடையாது.

தாங்கியின் உறுதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்த மாவட்டத்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்கள், மாடியில் 25 வருடம் நிற்கப்போகும் பேனலை நாலு போல்ட்டில் விட்டுவிட மாட்டார்கள். உள்ளூர் காற்று வேகத்துக்குத் தாங்குமா, கால்வானைஸ் செய்த இரும்பா, தளத்தில் ஓட்டை போட்டால் மழைநீர் கசியாமல் என்ன செய்வார்கள் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறையாவது பேனலைக் கழுவ ஆள் ஏற முடிகிற மாதிரி வழியும் விட வேண்டும். செங்கல் சூளை, கிரஷர், மண் ரோடு பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம்.

இப்போதுள்ள அறிவிப்புப்படி திட்டம் 2027 மார்ச் வரை. அதற்குள் போடலாமா என்று யோசிப்பவர்கள், ஏஜென்டைக் கூப்பிடும் முன் கடந்த ஆறு பில்களை மின்வாரிய இணையதளத்தில் எடுத்து யூனிட்டுகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். சித்திரை, வைகாசி பில்லில் மட்டும் 500-ஐத் தாண்டி, மற்ற மாதங்களில் 300-லேயே நிற்கும் வீடுகள் நிறைய. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு கிலோவாட் போதும்.